ரிசப்ஷன் முடியும்வரை சுருள் கலையாமல் இருக்க

கேள்வி இதுதான். இடுப்புவரை நீண்ட, அடர்த்தியான நேர் முடி. அண்ணன் ரிசப்ஷனுக்கு மாலை 5 மணிக்கு பார்லரில் கர்ல் செய்திருக்கிறார்கள். 7 மணிக்கு மேடை ஏறும்போது நுனியில் மட்டும் லேசான வளைவு மிச்சம். ஹேர் ஸ்ப்ரே பாதி டப்பா தீர்ந்தும் பயனில்லை. அடுத்த மாதம் சென்னையில் தன்னுடைய நிச்சயதார்த்தம். நான்கு மணி நேரமாவது கர்ல் நிற்க என்ன வழி?

மணப்பெண் அலங்காரமே என் தொழில். கடற்கரை ஊர் மண்டபங்களில்தான் பெரும்பாலும் வேலை. அந்த அனுபவத்தில் முதலில் ஒன்று சொல்கிறேன்: உங்கள் முடியில் எந்தக் குறையும் இல்லை. "என் முடிக்கு கர்லே நிக்காது" என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு நிற்கவைத்திருக்கிறேன். சுருட்டிய பிறகு அதை ஆற விடாததுதான் பெரும்பாலும் காரணம்.

பருத்திச் சேலைக்கு இஸ்திரி போடுவதை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் தெளித்து, சூடாகத் தேய்த்து, அந்தச் சூட்டோடே மடித்து அடுக்கினால் மடிப்பு கோணலாக விழுந்துவிடும். விரித்து ஆற விட்டால் நாள் முழுக்க விறைப்பாக நிற்கும். கட்டிக்கொண்டு வெயிலில் நடந்து வியர்த்தால் வியர்வை பட்ட இடம் மட்டும் கசங்கும். முடியும் அப்படியேதான். கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது அது. அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவற்றில் இரண்டு கட்டுகள் நமக்கு முக்கியம். கந்தகத்தால் ஆன கட்டு பலமானது. தண்ணீருக்கும் சாதாரணச் சூட்டுக்கும் அசையாது, பிறவியிலேயே உங்கள் முடி நேரா சுருளா என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஹைட்ரஜன் கட்டு பலவீனமானது, ஆனால் எண்ணிக்கையில் மிக அதிகம். தண்ணீர் பட்டாலும் சூடு பட்டாலும் அது அவிழும். காய்ந்து ஆறும்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே மறுபடி கட்டிக்கொள்ளும். கர்லிங் ராடு அவிழ்க்கும் வேலையைத்தான் செய்கிறது. கட்டுகிற வேலை ஆறும்போது நடக்கிறது.

சூடாக இருக்கும் சுருளை ராடிலிருந்து உருவி அப்படியே தொங்க விட்டால் என்ன ஆகும்? இடுப்பு நீள முடியின் எடை கீழே இழுக்கும். பாதி நேரான நிலையில் முடி ஆறும். அந்தப் பாதி நேரான வடிவத்திலேயே கட்டு விழும். அதன் மேல் எவ்வளவு ஸ்ப்ரே அடித்தாலும் பாதி நேரான முடிக்குத்தான் அடிக்கிறோம்.

அதனால் நான் இப்படிச் செய்வேன். ராடிலிருந்து சுருளை நழுவ விடும்போதே இடது உள்ளங்கையில் ஏந்திக்கொள்வேன், அதே வளையத்தோடு. ஜிலேபி சுற்றியது போல உள்ளங்கையில் சூடாகக் கிடக்கும். அதை அப்படியே வேர்ப்பக்கமாக உருட்டிக்கொண்டு போய் தலையோடு சேர்த்து ஒரு மெல்லிய உலோகக் கிளிப்பால் நிறுத்திவிடுவேன். பெரிய பிளாஸ்டிக் கிளிப் வேண்டாம், முடியில் பள்ளம் விழும். தலை முழுக்க இப்படி இருபத்தைந்து, முப்பது வளையங்கள். பார்க்க அழகாக இருக்காது, மணப்பெண்கள் கண்ணாடியைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துகூடப் போவார்கள். கடைசி வளையம் நின்றபின் குறைந்தது இருபது நிமிடம் யாரும் தொடக் கூடாது. மேக்கப், நகை, புடவை வேலைகளை அந்த நேரத்தில்தான் வைத்துக்கொள்வேன். பிறகு பின்பக்கக் கீழ் வளையம் ஒன்றில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். வெளிச்சுற்று குளிர்ந்திருக்கும்; உள்ளே விரல்நுனி நுழைத்தால் இன்னும் வெதுவெதுப்பு தெரியும். அந்த வெதுவெதுப்பு இருக்கும்வரை அவிழ்ப்பதில்லை.

இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே உங்கள் இரண்டு மணி நேரம் கணிசமாக நீளும்.

அடுத்தது, கிளிப்போடேயே மண்டபத்துக்குப் போங்கள். பார்லரிலேயே அவிழ்த்து, கோதி, ஸ்ப்ரே அடித்து, போட்டோ எடுத்து, பிறகு காரில் சீட்டில் சாய்ந்துகொண்டு ஒரு மணி நேரப் பயணம் போனால் பின்தலைச் சுருள் அங்கேயே நசுங்கிவிடும். மேலே மெல்லிய துப்பட்டா ஒன்றைத் தளர்வாகப் போட்டுக்கொண்டு போய், மணமகள் அறையில் ஏசி ஓடும் இடத்தில், மேடை ஏறுவதற்கு அரை மணி முன்பு அவிழ்ப்பதுதான் சரி. அழகுக்கலைஞர் மண்டபத்துக்கே வருவதாக இருந்தால் இதைப் பற்றிக் கவலையே இல்லை.

சரி, சுருட்டுவதற்கு முந்தைய வேலைக்கு வருகிறேன். பாதித் தோல்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

தலைக்கு எப்போது குளிக்க வேண்டும்? முந்தின நாள். அன்று காலை குளித்தால் இடுப்பு நீள முடி பிடரிப் பக்கம் மதியம்வரை ஈரமாகத்தான் இருக்கும். மேலே தடவினால் காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம். முழுக்க நனைந்த முடி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். அந்த ஈரத்தோடு 180 டிகிரி ராடை வைத்தால் கர்ல் நிற்காது என்பதோடு முடியும் போய்விடும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, முடித்தண்டுக்குள்ளேயே குமிழ் குமிழாகப் பொங்கி, அந்த இடத்தில் முடி முறியும். ராடு வைக்கும்போது சுர்ரென்று சத்தமோ ஆவியோ வந்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள்.

எண்ணெயை நம் வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள். கல்யாணப் பெண்ணுக்கு முந்தின இரவு எண்ணெய் தேய்ப்பது பல வீடுகளில் சடங்கு. நான் எண்ணெய்க்கு எதிரி இல்லை. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி, தலைக்குக் குளிக்கும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்பது ஆய்வில் பார்த்த விஷயம். ஆனால் அதை இரண்டு, மூன்று நாள் முன்பே தேய்த்து, நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஷாம்பூ இரண்டு முறை போட்டு முழுக்க எடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசை மிச்சம் இருந்தால் முடி கனமாகி வழுக்கும், மூஸும் (முடிக்குப் பிடிப்பு தரும் நுரை) ஸ்ப்ரேயும் பிடிக்காது. கண்டிஷனர் கழுத்துக்குக் கீழே மட்டும், அதுவும் கொஞ்சமாக. மின்னவேண்டும் என்று அன்று காலை சீரம் தடவிக்கொண்டு வருவார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். மினுமினுப்புக்குக் கடைசியில் இரண்டு சொட்டு போதும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டில், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பக்கெட் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். உப்புத் தண்ணீரில் அலசிய முடி கையில் சொரசொரவென்று இருக்கும்; ஒரே செக்‌ஷனிலேயே ஓர் இழை சுருளும், பக்கத்து இழை பிரிந்து நிற்கும்.

இப்போது கஞ்சி. சேலைக்குக் கஞ்சி போடுவது இஸ்திரிக்கு முன்பு. முடியில் அந்த இடம் மூஸுக்கு. எல்லோரும் கடைசியில் அடிக்கும் ஸ்ப்ரேயையே நம்புகிறார்கள். ஆனால் நேர் முடிக்கு முன்கூட்டிப் போடும் மூஸ்தான் பெரிய உதவி. குளித்து முக்கால்வாசி காய்ந்த முடியில், இடுப்பு நீளத்துக்கு இரண்டு பெரிய எலுமிச்சம்பழ அளவு நுரையை எடுத்து, காது மட்டத்திலிருந்து நுனிவரை சீப்பால் பரப்பி, டிரையரில் முழுக்கக் காய வையுங்கள். கடைசி இரண்டு நிமிடம் குளிர்க் காற்று. ராடு வைப்பதற்கு முன் ஹீட் ப்ரொடெக்டன்ட் (சூட்டிலிருந்து முடியைக் காக்கும் ஸ்ப்ரே) அடித்தால் அதுவும் காய வேண்டும். காயாமல் ராடு வைப்பதும் ஈர முடியில் வைப்பதும் ஒன்றுதான்.

சூடு எவ்வளவு? மெல்லிய முடிக்கு 150 டிகிரி செல்சியஸ் போதும். நம்மூர் அடர்த்தியான கறுப்பு முடிக்குப் பொதுவாக 170 முதல் 185. 200-ஐத் தாண்ட எனக்குக் கை வராது. அவசரத்தில் சூட்டைக் கூட்டி மூன்று நொடியில் எடுப்பதைவிட, நடுத்தரச் சூட்டில் எட்டிலிருந்து பத்து நொடி பிடிப்பது நல்லது. நடுவில் இருக்கும் முடிக்கும் சூடு போய்ச் சேர அந்த நேரம் வேண்டும். செக்‌ஷன் ராடின் தடிமனைவிட அகலமாக இருக்கக் கூடாது. மெல்லிசாக எடுங்கள். பார்லரில் பதினைந்து நிமிடத்தில் தலை முழுக்க முடித்துவிட்டார்கள் என்றால் தடித்தடியாக எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் நீளத்துக்கும் அடர்த்திக்கும் ஒரு மணி நேரமாவது ஆகும்.

ராடு அளவில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. போட்டோவில் பார்த்த பெரிய அலை வேண்டும் என்று 32 மில்லிமீட்டர் ராடை எடுப்பார்கள். இடுப்பு நீள முடியில் அது நிகழ்ச்சி தொடங்கும் முன்பே இறங்கிவிடும். 25 மில்லிமீட்டர், கனமான முடியென்றால் 19 மில்லிமீட்டர் எடுத்து, வேண்டியதைவிட இறுக்கமாகச் சுருட்டுங்கள். கிளிப் அவிழ்த்தவுடன் "ஐயோ, இவ்வளவு சுருளா" என்று தோன்றும். ஒரு மணி நேரத்தில் எடையால் இறங்கி, நீங்கள் நினைத்த அலைக்கு வந்து, அங்கே நிற்கும். கீழே இறங்கப்போகிறது என்று தெரிந்தே மேலிருந்து தொடங்க வேண்டும்.

அவிழ்த்தபின் பிரஷ் வேண்டாம், விரல்தான். நடு உச்சிப் பக்கம் கொஞ்சம் பேக்கோம்பிங் செய்து, அதாவது முடியை வேரை நோக்கிப் பின்னோக்கிச் சீவி, உயர்த்தினால் வேரில் பிடிப்பு கிடைக்கும். அப்புறம் ஸ்ப்ரே. ஒரு சாண் தூரத்துக்குக் குறையாமல் வைத்து, தூறலாக, இரண்டு மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றும் காய்ந்த பிறகு அடுத்தது. கிட்டத்தில் வைத்து நனைய நனைய அடித்தால் அந்த ஈரமே சுருளை அவிழ்த்துவிடும். அண்ணன் ரிசப்ஷனில் அரை டப்பா அடித்தும் கர்ல் இறங்கியதற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கும்.

ஸ்ப்ரேக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு, சொல்லாமல் விட மனமில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பூச்சிமருந்து தெளிக்க ஏரோசால் டப்பா வந்தது. போருக்குப் பிறகு 1940-களின் கடைசியில் அதே டப்பாவில் முடிக்கான திரவம் வந்தது. தொடக்க காலத்தில் அதற்குள் இருந்தது நம் அரக்கு. முடி நன்றாக நின்றது, ஆனால் தலைக்குக் குளித்தால் போகவில்லை. பிறகு தண்ணீரில் கரையும் செயற்கைப் பசைகள் வந்தன; தொடக்கத்தில் வந்தவை காற்றின் ஈரத்தை உறிஞ்சி பிசுபிசுத்தன. அதைத் திருத்தித்தான் இன்றைய கலவைகள் வந்திருக்கின்றன. ஆகவே கடையில் வாங்கும்போது பிடிப்பு எத்தனை என்று மட்டும் பார்க்காமல், ஈரப்பதத்தைத் தாங்கும் வகையா என்று டப்பாவில் பாருங்கள். கடற்கரை ஊருக்கு அதுதான் முக்கியம்.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ மாலையில் கடற்காற்று உள்ளே வரும்போது ஈரப்பதமும் ஏறும். ஏசி மண்டபத்துக்குள் நிற்கும் சுருள், வாசலில் வரவேற்பு நடனத்துக்கு இருபது நிமிடம் நின்றால் இறங்கத் தொடங்கும். காற்றிலிருக்கும் நீர்தான் ஹைட்ரஜன் கட்டை அவிழ்க்கிறது. மழையில் நனையத் தேவையே இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாளில் தோளில் விரித்துப் போட்ட கர்ல் வேண்டும் என்று யாராவது கேட்டால், பாதி முடியை மேலே கட்டி, மீதியை மட்டும் சுருட்டித் தொங்கவிடலாம் என்று நானே மாற்றிச் சொல்வேன். எடை பாதியாகும், முதலில் கலையும் இடமான வியர்த்த பிடரியில் முடி உரசாது. கிளிசரின் கலந்த க்ரீம், சீரம் எதையும் அப்படிப்பட்ட நாளில் தொடாதீர்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு வரும்.

இனி பூ. இதை யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பூக்காரம்மா மல்லிகைச் சரத்தை வாழை இலையில் சுற்றி, வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துத்தான் தருவார். நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு மணப்பெண்ணுக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்து கர்ல் செய்து முடித்தேன். ஸ்ப்ரே காய்ந்து, எல்லாம் சரியாக இருந்தது. அத்தை ஒருவர் அன்போடு நான்கு முழம் மல்லிகையைக் கொண்டுவந்து, நேராகச் சுருள்களின் மேலேயே வைத்துப் பின் குத்தினார். அரை மணியில், பூ இருந்த இடத்திலிருந்து கீழே போகும் ஒவ்வொரு சுருளும் ஈரம் இறங்கி நேராகிவிட்டது. ஓரத்துச் சுருள் மட்டும் அப்படியே இருந்தது. அந்தப் பெண் கண்ணாடியில் அதைப் பார்த்த முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து பூவை இரண்டு மணி நேரம் முன்பே வாங்கச் சொல்லிவிடுகிறேன். சரத்தை நன்றாக உதறி, பழைய பருத்தித் துண்டில் தளர்வாகச் சுற்றி, ஏசி அறையில் வைத்தால் ஈரம் துண்டுக்குப் போய்விடும், பூவும் மலராமல் இருக்கும். வைக்கும்போது சுருளின் மேல் வைக்காமல், மேலே கட்டிய பகுதியைச் சுற்றி யு பின்னால் தனியாக நிறுத்துவேன். எடை தலைக்குப் போகும், சுருளுக்கு வராது. வீட்டுப் பெண்களிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், எல்லோருக்கும் ஆளுக்கொரு முழம் வைத்துவிட ஆசை இருக்கும்.

இன்னொன்று, ஸ்ப்ரே தீப்பிடிக்கக் கூடியது. குத்துவிளக்கு, கற்பூர ஆரத்தி, ஓமகுண்டம் எதன் பக்கத்திலும் அடிக்கக் கூடாது. அடித்தால் முழுக்கக் காய்ந்த பிறகே விளக்கேற்றக் குனிய வேண்டும், அதுவும் முன்பக்கச் சுருளைப் பின்னால் தள்ளிக்கொண்டு. இதில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை.

சூடே வேண்டாம் என்றால் துணிச் சுருட்டல் இருக்கிறது. லேசான ஈரமுள்ள முடியை, பட்டு மாதிரி வழவழப்பான நீளத் துணியில் சுற்றி இரவு முழுக்க விடுவது. ஈரத்திலிருந்து மெல்லக் காயும் கட்டு உறுதியாக விழும் என்பதால், சரியாகச் செய்தால் ராடு கர்லைவிட இது நன்றாக நிற்கும். ஆனால் உங்கள் அடர்த்திக்கு உள்சுற்று ஒரே இரவில் காய்வது கடினம். ஈரத்தோடு அவிழ்த்தால் போனது போனதுதான். முன்பு ஒரு முறை வீட்டில் செய்து பார்க்காமல் நிச்சயதார்த்த நாளில் இதை நம்பவேண்டாம்.

நிரந்தரமாகச் சுருட்டும் பெர்மிங் பற்றிச் சிலர் கேட்பார்கள். அது வேறு கணக்கு, அந்தப் பலமான கந்தகக் கட்டையே மருந்தால் உடைத்து, சுருளாக வைத்து மறுபடி இணைப்பது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் கார்ல் நெஸ்லர் இதைச் செய்துகாட்டியபோது கனத்த பித்தளை உருளைகளில் முடியைச் சுற்றி, மின்சாரத்தில் சூடாக்கி, ஏறக்குறைய ஆறு மணி நேரம் உட்காரவைத்தார். இன்று அவ்வளவு பாடு இல்லை. ஆனாலும் ஒரு நாள் நிகழ்ச்சிக்காக இடுப்பு நீள முடியை அந்த மருந்துக்குக் கொடுக்க நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஏற்கெனவே ஸ்மூத்னிங் (மருந்தால் நேராக்குவது) செய்த முடிக்கு அது ஆபத்தும்கூட.

ஸ்மூத்னிங் என்றதும் உங்களிடம் கேட்க வேண்டியது நினைவுக்கு வருகிறது. கடந்த ஓராண்டில் ஸ்மூத்னிங், பார்லரில் செய்யும் கெரட்டின் ட்ரீட்மென்ட் ஏதாவது செய்திருக்கிறீர்களா? செய்திருந்தால் முதலிலேயே அழகுக்கலைஞரிடம் சொல்லிவிடுங்கள். நேராகவே இருக்கும்படி மருந்தால் பழக்கப்படுத்திய முடி, கர்லை விரைவாக விடும். அதற்குச் சின்ன ராடு, அதிக மூஸ், மேலே கட்டிய ஸ்டைல் எனத் திட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும். நுனியில் வாய் பிளந்த முடி இருந்தால் ஓர் அங்குலம் வெட்டிவிடுங்கள். முகத்தைச் சுற்றி லேயர் வெட்டிக்கொண்டால் எடை குறைந்து முன்சுருள் நிற்கும். நீளத்தை இழக்க மனமில்லை என்றால் அது மட்டும் போதும்.

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ட்ரயல் வையுங்கள். அதே நேரத்தில், மாலையில். முந்தின நாள் தலைக்குக் குளிப்பதிலிருந்து கிளிப்போடு வீடு திரும்புவதுவரை அன்றைய நாள் போலவே செய்யுங்கள். அவிழ்த்தபின் ஒரு மணிக்கு ஒரு முறை, ஒரே இடத்தில் நின்று, பின்பக்கமும் பக்கவாட்டுமாகப் போட்டோ எடுங்கள். நடுவில் அரை மணி மொட்டைமாடிக்கும் போய்விட்டு வாருங்கள். எந்தப் பகுதி முதலில் இறங்குகிறது என்பது மூன்றாவது போட்டோவில் தெரிந்துவிடும். அந்தப் படங்களை அழகுக்கலைஞருக்கு அனுப்பினால், எந்த இடத்தில் சின்ன ராடு, எங்கே மூஸ் கூட்டுவது, எதை மேலே கட்டுவது என்று அவரே சரியாகச் சொல்லிவிடுவார்.